சுற்றிப் போகும் விமானம்

நாமக்கல்லில் விமான டிக்கெட் போடும் கடையில் அன்று இருந்தவர்கள் சின்னண்ணன், அவர் மனைவி பாப்பாயி, மகன் ஜெகதீஸ்வரன், கடைப்பெண் மோனிஷா ஆகிய நால்வர்தான்.

"சென்னையிலிருந்து லண்டன் எட்டாயிரம் கிலோமீட்டருங்க ஐயா. நேரா போனா பத்தரை மணி நேரம்" என்றாள் மோனிஷா.

சின்னண்ணன் நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவ்வளவு வெரசாவா போயிரும்? சுத்திப் போறது எதுவும் இல்லையா சாமி?"

"துபாய்ல மாறிப் போனா பதினாறு மணி நேரம் ஆகுங்க."

"அதையே போடு."

"ஏனுங்கப்பா, பயந்தவங்க யாராச்சும் ரெண்டு தடவை ஏறி எறங்குவாங்களா?" என்றான் மகன்.

"உங்கப்பாரு துபாய்லயே எறங்கி, பஸ் புடிச்சு நம்ம பரமத்தி வேலூர் வந்துருவாராட்ட இருக்குது" என்றாள் பாப்பாயி.

சின்னண்ணன் சிரிக்கவில்லை. உள்ளங்கை வேர்வையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

அவர் விமானத்துக்குப் பயந்து நடுங்கினார் என்று பரமத்தி வேலூரில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். வேறு சாதியில் கட்டிக்கொண்டாள் என்று ஒன்பது வருடத்துக்கு முன்பு அவர் காவிரியில் இறங்கித் தலைமுழுகிய மகள், லண்டன் விமான நிலையத்துக்கு அவரை அழைத்துப்போக வருகிறாள். அவர் பயந்தது அவள் முகத்தைப் பார்க்கத்தான்.