ஒற்றைக்காது எழுதிய விமர்சனம்

"'கிட்டார் தலையைக் கிறுகிறுக்க வைக்கிறது. மெட்டு நாக்கில் ஒட்டிக்கொள்கிறது. டிரம்ஸ் மட்டும் நொண்டுகிறது. டிரம்மரை மாற்றினால் இந்தக் குழு உருப்படும்.' நாசமாப் போறவன்! போன ஆல்பத்துக்கும் இதையேதான் எழுதினான்!"

குருவி செல்போனைச் சோபாவில் வீசினான். டயர் கடை மாடியில் இருந்த அந்த அறையில்தான் பதினோரு வருடமாக அவர்களுடைய சைகடெலிக் பவர் பாப் (கிறங்கடிக்கும் கிட்டார், துள்ளும் மெட்டு) இசைக்குழு தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. பாட்டும் கிட்டாரும் குருவி. டிரம்ஸ், பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே வரும் நண்பன் இடி. எந்தக் கம்பெனியும் சீண்டாததால் ஆல்பங்களை அவர்களே வெளியிட்டார்கள். அவற்றைக் கேட்டு நாலு வரி எழுதிய ஒரே புண்ணியவான், ஓர் இணைய இதழில் 'ஒற்றைக்காது' என்ற பெயரில் ஒளிந்திருந்த இந்த ஆள்தான்.

"அவன் சொல்றதுல என்னடா தப்பு?" டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி கேட்டான் இடி. "அடுத்த மாசம் நமக்கு முதல் பெரிய மேடை. என்னை மாத்திடு."

"வாயை மூடு. நாலாவது பாட்டுல நீ அரை நொடி பிந்திட்டியாம். பக்கத்துல நின்ன எனக்கே தெரியல, அவனுக்கு மட்டும் எப்படிக் கேட்டுச்சு?"

"எனக்குக் கேட்டுச்சு."

"கேக்கட்டும். நீ இல்லாம எனக்கு எதுக்குடா மேடை?"

"இப்படியே சொல்லித்தான் பதினோரு வருஷமா இந்த மாடியிலேயே கிடக்கோம். உன் பாசத்தால எல்லார் பொழப்பையும் கெடுக்கப் போறியா?"

குருவிக்குச் சுருக்கென்றது. "சரி, போடா!" என்று கத்திவிட்டான். இடி சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்தான். அவனோ எழுந்துவிட்டான். குருவி நீட்டிய கையைக்கூடப் பிடிக்காமல், இரண்டு கைகளையும் பேண்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு படியிறங்கினான்.

மறுநாள் காலை, இடி விட்டுச்சென்ற டிரம்ஸ் குச்சிகளோடு குருவி அவன் வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்த இடியின் மனைவிக்கு அழுது முகம் வீங்கியிருந்தது.

"அவர் வெளிய போயிருக்கார்ண்ணா. உள்ள வாங்க."

"என்னை மன்னிச்சிடும்மா. அவனை நான் விட்டிருக்கவே கூடாது. எல்லாம் அந்த ஒற்றைக்காதால வந்த வினை. அவன் மட்டும் என் கையில சிக்கட்டும், எழுதின விரலை ஒடிச்சிடறேன்!"

அவள் குச்சிகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்படிச் சொல்லாதீங்கண்ணா. அவர் விரலால ஒரு வரிகூட எழுதல. கை நடுக்கம் வந்து ரெண்டு வருஷமாச்சு. 'நானாச் சொன்னா குருவி என்னை விடமாட்டான்'னு அவர் அழுதுக்கிட்டே சொல்லச் சொல்ல, நான்தான் டைப் பண்ணினேன்."