தூளிக்குள் குழவி

இசைவாணியின் குழந்தை மலைமேல் இருந்த கருவகத்தில், செயற்கைக் கருப்பை ஒன்றில், வளர்ந்துகொண்டிருந்தது. அது அங்கே அசைந்தால், இங்கே வீட்டில் கட்டிய தூளி அசையும். தூளியை அசைக்கும் சர்வோ மோட்டாரையும் சர்க்யூட்டையும் இசைவாணியே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து செய்திருந்தாள். தினமும் நான்கு மணிக்குக் கரண்ட் போகும். அப்போது கெபாசிட்டரில் சேர்ந்திருக்கும் மின்சாரம் கைகொடுக்கும்.

ஒரு வாரமாக மற்ற நேரமெல்லாம் தூளி சும்மா கிடந்தது. கரண்ட் போனால் மட்டும் ஒருமுறை தூக்கிப் போட்டது.

"பாத்தியா உதையை! எம்பொண்ணு பலசாலி" என்று அவள் கணவன் பரிதி பூரித்துப்போனான்.

இசைவாணி பிளக்கைப் பிடுங்கிவிட்டு மீட்டரை வைத்துப் பார்த்தாள். மோட்டார் ஏதோ பாரத்தை இழுக்கத் திணறியது. கெபாசிட்டர் காலியாகி, சர்க்யூட் அணைந்து மறுபடி தொடங்கியது. அந்த உதறல்தான் உதை. தூளிக்குள் கைவிட்டாள். துணிக்கடியில் அம்மிக் குழவி கிடந்தது.

"வெறும் தூளியை ஆட்டக் கூடாதுல்ல, அதான் வெச்சேன்" என்றான் பரிதி.

உதையைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நான்கு மணிக்கு மின்விசிறி நின்றது. தூளி உதறவில்லை. அவன் முகம் வாடியது.

"தூங்குறாளா?"

சற்றுப் பொறுத்து, தண்ணீருக்கடியில் மீன் திரும்புவதுபோல, துணியில் ஒரு மடிப்பு மட்டும் நெளிந்தது.

பரிதி மூச்சை அடக்கிக் குனிந்தான். "இவ்ளோ சின்னதாவா இருக்கா?"

கரண்ட் வந்த பிறகும் இருவரும் கிசுகிசுப்பாகவே பேசிக்கொண்டார்கள்.