ஒற்று மிகும் இடம்

"ரெண்டு கவிதையும் நாட்டைத்தான் திட்டுது. எழுதினது ஒரே ஆளா? அதை மட்டும் சொல்லுங்க, மேடம்."

விசாரணை அதிகாரி இரு தாள்களைத் தமிழ்த் துறைத்தலைவியின் முன் தள்ளினார். ஒன்று, கல்லூரி மலரில் ஒற்று சார் தம் பெயரோடு வெளியிட்ட கவிதை. மற்றது, அறிவிப்புப் பலகையில் யாரோ இடது கையால் கறுப்பு மையில் எழுதி, அனுமதியின்றி ஒட்டிய, பெயரில்லாக் கவிதை.

ஒரே ஆள் என்று தெரிந்தால் ஒற்று சாருக்கு இன்றோடு வேலை போய்விடும்.

அவர் எதிரேதான் அமர்ந்திருந்தார். இரண்டையும் எழுதியவர் அவர்தான்.

போயும் போயும் இந்த அம்மாவிடமா கேட்க வேண்டும்? ஆசிரியர் கூட்டத்தில் அவருடைய ஒற்றுப்பிழைகளை வாசித்துக் காட்டி மானத்தை வாங்கியவர். 'ஒற்று சார்' என்று பட்டம் கட்டியவரும் இவரே.

"பேனா கொடுங்க சார். என்கிட்ட சிவப்புதான் இருக்கு. குறிப்பெடுக்க அது ஆகாது."

அதிகாரி தம் கறுப்புப் பேனாவைக் கொடுத்தார். துறைத்தலைவி தாள்களின் மேல் கவிழ்ந்துகொண்டார்.

அவர் குனிவதற்குள் ஒற்று சார் பெயரில்லாத் தாளைத் தலைகீழாகவே படித்துவிட்டார்.

'நாட்டை திட்டும் வாயும்
லஞ்சம் நீட்டும் கையும்
நம் உடம்பில்தான்.'

'நாட்டை திட்டும்'. நடுவில் 'த்' இல்லை! கையை மாற்றி எழுதியவர், பழக்கத்தை மாற்ற மறந்திருந்தார்.

"என்ன மேடம், ஒரே ஆளா?"

"சேச்சே! இவர் மலர்ல எழுதினதைக் கேளுங்க. 'நாடே, உன் கதவை தட்டினேன். உள்ளே ஒரே குறட்டை.' நாடே தூங்குதாம், இவர் ஒருத்தர்தான் முழிச்சிட்டு வெளியே நிக்கிறாராம்! உன் கதவு, உன் குறட்டைன்னு யாரோ அடுத்த வீட்டுக்காரனைத் திட்டுற மாதிரி. பெயர் போட்டுக் கைதட்டல் வாங்க இது போதும். அந்த இன்னொருத்தர் 'நம் உடம்பு'ன்னு தன்னையும் சேர்த்துல்ல திட்டுறார்? அதுக்கு நெஞ்சுல உரம் வேணும். இவருக்கு ஏது?"

ஒற்று சாருக்குக் காது மடல் எரிந்தது. 'ரெண்டும் என்னுதுதான்!' என்று கத்திவிடலாம் போலிருந்தது. தலை போகிற நேரத்திலும் ரோஷத்துக்குக் குறைச்சலில்லை.

அதிகாரி சிரித்தார். "கருத்து இருக்கட்டும் மேடம். எனக்கு இலக்கணம் தெரியாது. ஆனா, இவருக்கு ஒற்றே போட வராதுன்னு நீங்கதானே எல்லார்கிட்டயும் சொன்னீங்க? அந்தப் பிழை ரெண்டுலயும் இருக்கா?"

அவ்வளவுதான், முடிந்தது. ஒற்று சார் கண்களை மூடிக்கொண்டார். சொந்த மகளின் திருமண அழைப்பிதழையே பிழை திருத்தித் திருப்பி அனுப்பிய அம்மா இவர். யாரை விட்டாலும் ஒற்றை விடமாட்டார்.

"நான் எதுக்கு? நீங்களே பாருங்க. 'ஐ'க்கு அடுத்து வல்லினம் வந்தா ஒற்று மிகும். மலர்ல 'கதவை தட்டினேன்'. 'த்' இல்லை. இதுல?"

அதிகாரி விரல் வைத்துப் படித்தார். "நாட்டை... த்... திட்டும். 'த்' இருக்கே!"

"அப்போ வேற ஆள்."

ஒற்று சார் கண்களைத் திறந்தார். அதிகாரி உதட்டைப் பிதுக்கியபடி கோப்பை மூடிக்கொண்டிருந்தார்.

துறைத்தலைவி எழுந்தார். ஒற்று சாரை ஏறெடுத்தும் பார்க்காமல், பேனாவை மூடி அதிகாரியிடம் நீட்டினார்.

"இந்தாங்க சார். நல்லா எழுதுது."