மூன்று வால் பூச்சி

"உதைங்கக்கா, இன்னும் வேகமா உதைங்க!"

முழங்கால் ஆழ ஆற்றில் நின்று செண்பகவல்லி அடிக்கற்களைக் காலால் கிளறினாள். கிளம்பிய கலங்கலெல்லாம் கீழ்ப்பக்கம் அவள் ஊன்றியிருந்த வலைக்குள் பாய்ந்தது. நல்ல தண்ணீரில் மட்டுமே பிழைக்கும் மூன்று வால் பூச்சி ஒன்றாவது உயிரோடு சிக்க வேண்டும். சோதனை நேரம் முடிந்து சங்கு ஊதுவதற்குள் சிக்காவிட்டால் ஊருக்குக் குழாய் திறக்காது. ஏற்கெனவே மூன்று நாளாகத் திறக்கவில்லை.

இதுவரை வலையில் வெறும் மண்தான்.

"கடைசியா ஒரு தடவை" என்றான் கூட வேலை பார்க்கும் இசக்கிமுத்து. தண்ணீர் வரும் பக்கமாகக் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். வலை ஊன்றியபின் அங்கே யாரும் நிற்கக் கூடாதென்பது விதி. அவசரத்தில் அவள் அதட்டவில்லை.

ஆற்று நீர் அள்ளி வைத்திருந்த தட்டில் வலையைக் கவிழ்த்தாள். நான்கைந்து பூச்சிகள் வாலை ஆட்டிக்கொண்டு ஊர்ந்தன! பூச்சி உயிரோடிருந்தால் குழாயைத் திறந்துவிடும் கேமரா தட்டின் மேலிருந்து பார்த்தது. பச்சை விளக்கு எரிந்தது.

கொஞ்ச நேரத்தில் மகளிடமிருந்து போன். "அம்மா, தண்ணி வந்துருச்சு! ரெண்டு செம்பு குடிச்சிட்டேன்!"

சிரித்தபடி தட்டைப் பார்த்தாள். அள்ளிய ஆற்று நீரில் பூச்சிகள் ஒவ்வொன்றாக மல்லாந்துகொண்டிருந்தன.

"குடிக்காதட்டி!" என்று கத்தினாள். மகள் அதற்குள் போனை வைத்திருந்தாள்.

"ஏல இசக்கி, பிடிச்ச ஆத்துத் தண்ணியிலயே இதுக எப்படில சாகுது?"

அவன் கையிலிருந்து ஒரு காலி பாட்டில் நழுவி ஆற்றோடு போனது.

"ஊரே தவிச்சுக் கிடக்கேன்னுதான்... அதுக ஆத்துப் பூச்சி இல்லக்கா. எங்க வீட்டுத் தொட்டியில வளர்த்தது."