கறுப்புத் துண்டு

"இவதாண்ணே. நல்லாப் பாருங்க" என்று கட்சி இளைஞன் வினோத்குமார் தன் கைபேசியை ராஜாராமின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

செய்யது ராவுத்தரின் ஏலக்காய் குடோன் வாசலில் நாற்பது ஐம்பது பேர் கட்சிக் கொடியோடு கூடியிருந்தார்கள். நடுவில் மதுரையிலிருந்து வந்திருந்த டிவி வண்டி. உள்ளே இருந்தவர்கள் கேட்டைச் சாத்திவிட்டிருந்தார்கள். ராஜாராமை என்ன ஏதென்று சொல்லாமலே கூப்பிட்டு வந்திருந்தார்கள்.

எவனோ ஜன்னல் வழியாக எடுத்த படம் அது. தலையையும் முகத்தையும் கறுப்புத் துணியால் சுற்றிக் கட்டிய ஒரு பெண் காய் பொறுக்குகிறாள். வாயை மூடியிருந்த துணியைக் கீழே இழுத்துவிட்டுக் காய் பரப்பிய சொளகின் மேல் குனிகிறாள். அந்த இடத்தில் படம் மெதுவாக ஓடியது. அவள் வாயைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே 'ஏலக்காயில் எச்சில் துப்பும் கூட்டம்' என்று எழுத்து.

ராஜாராம் கைபேசிக்கு இன்னும் கிட்டக் குனிந்தார்.

அது அவர் மனைவி சந்திரவல்லி.

அவள் குனிகிற விதம் அவருக்குத் தெரியாதா? சொளகில் காம்பும் தூசியும் மிஞ்சினால் ஒரு ஊது ஊதுவாள். போடியில் காய் பொறுக்குகிற எல்லாப் பெண்களும் ஊதத்தான் செய்கிறார்கள். தூசி ஏறாமலிருக்க முகத்தைச் சுற்றிக் கட்டுவதும் வழக்கம்தான். அவள் கட்டியிருந்தது, போன கார்த்திகையில் அவர் சபரிமலைக்கு மாலை போட்டபோது எடுத்த கறுப்புத் துண்டு.

ராஜாராம் கட்சியின் நகரத் துணைத் தலைவர். அவர் மனைவி எங்கே வேலைக்குப் போகிறாள் என்று கட்சியில் இதுவரை யாரும் கேட்டதில்லை.

கொடிக்கம்பத்துக்குக் குழி தோண்டக்கூட ஆள் இல்லாத காலத்தில் சேர்ந்தவர் ராஜாராம். கோயில், குடும்பம், விவசாயம் என்று வாழ்கிறவனுக்கு ஏற்ற கட்சி என்று நம்பிச் சேர்ந்தார். அப்போதெல்லாம் கூட்டம் என்றால் ஏலக்காய் விலை, தேவாரம் ஊர்ப்பக்கம் தென்னையைச் சாய்க்கும் யானை, குரங்கணி ரோடு என்று பேச்சு இருக்கும்.

இப்போது தடியெடுத்தவனெல்லாம் தண்டல்காரன். காலையில் எவன் எதை அனுப்புகிறானோ அதுதான் அன்றைய கொள்கை. சாயங்காலம் டிவிக்காரன் அதையே விவாதம் என்று வைக்கிறான். ராத்திரி அந்த டிவியைப் பார்த்துவிட்டு மேலே இருக்கிற தலைவர்கள் அறிக்கை விடுகிறார்கள். சாமி பேரைச் சொல்லி இவர்கள் செய்கிற காரியத்தைச் சாமி பார்த்தால் கோயிலை விட்டே போய்விடும்.

போன மாதம் ஏதோ ஊர் பேக்கரியில் துப்பினான் என்று ஒரு படம் வந்தது. ராஜாராமும் அதை நாலு பேருக்குத் தட்டிவிட்டவர்தான். அதில் இருந்தவன் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்க அவருக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

"நீங்க மூத்தவரு. கடையை இழுத்து மூடணும்னு நீங்க சொன்னாத்தாண்ணே எடுபடும். லைவ் போகுது, வெரசா" என்றான் வினோத்குமார்.

நிருபர் மைக்கை நீட்டினார்.

விசாரிக்க வேண்டும் என்று பொதுவாக எதையாவது முனகிவிட்டு நழுவலாம். வருகிற நகராட்சித் தேர்தலில் அவர் வார்டுக்கு அவர் பெயர்தான் அடிபடுகிறது. ஆனால் கேட்டுக்கு அந்தப் பக்கம் சந்திரவல்லி இருந்தாள். இந்தப் பக்கம் இரண்டு பேர் கையில் கல் இருந்தது. வந்த ஆத்திரத்தில் அவருக்கு வார்டாவது ஒன்றாவது.

"அது என் பொண்டாட்டிய்யா. துப்பலை, தூசியை ஊதுறா. தலையில கெடக்குறது நான் மலைக்கு மாலை போட்டப்ப எடுத்த துண்டு. எல்லாருக்கும் கண்ணு அவிஞ்சா போச்சு?"

கூட்டம் கப்பென்று அடங்கியது. கல் வைத்திருந்தவர்கள் கையைத் தாழ்த்தினார்கள். வினோத்குமார் கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். உண்மையைச் சொல்வது இவ்வளவு சுலபமா என்று ராஜாராமுக்கே ஆச்சரியமாக இருந்தது.

நிருபர் ஒரு நொடிதான் திகைத்தார். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்துவிட்டது.

"நேயர்களே, அதிர்ச்சித் தகவல்" என்று கேமரா பக்கம் திரும்பினார். "ஓர் ஐயப்ப பக்தரின் மனைவிக்கு முக்காடு. சபரிமலைக்குச் சென்று வந்த புனிதத் துணியிலேயே முக்காடு. போட வைத்தது யார்? இந்தக் கேட்டுக்குள் நடப்பது என்ன?"

"நான் அப்பிடிச் சொல்லலையே" என்று ராஜாராம் மைக்கை எட்டிப் பிடிக்கப் போனார். மைக் அதற்குள் நகர்ந்துவிட்டது.

வினோத்குமாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. 'ராஜாராம் அண்ணனுக்கு...' என்று கத்தினான். 'நீதி வேண்டும்' என்றது கூட்டம். 'நம் வீட்டுப் பெண்ணை மீட்போம்' என்று இன்னொருவன் எடுத்துக் கொடுத்தான்.

யாரோ இரண்டு பேர் அவரைத் தொடையோடு பிடித்துத் தூக்கித் தோளில் ஏற்றினார்கள். இறக்கி விடச் சொல்லி அவர் போட்ட சத்தம், அவர் பேருக்கே போட்ட கோஷத்தில் அமுங்கிப் போனது. கையைக் காலை உதறினார். அண்ணன் ஆவேசப்படுகிறார் என்று கைதட்டினார்கள். அப்படியே கேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

உயரத்திலிருந்து மதிலுக்கு அப்பால் முற்றம் தெரிந்தது. பெண்கள் சுவரோரம் ஒண்டியிருந்தார்கள். சந்திரவல்லி மட்டும் நடுவில், ராவுத்தருக்கு முன்னால் நின்றிருந்தாள். கூட்டத்தின் தோளில் ஏறி வருகிற புருஷனை அண்ணாந்து பார்த்தாள்.

முதல் கல் கேட்டில் மோதிய சத்தத்தில் கோஷம் ஒரு கணம் நின்றது. அவள் ராவுத்தரிடம் சொன்னது ராஜாராமுக்குத் தெளிவாகவே கேட்டது.

"அண்ணே, பின்வாசல் வழியா வெரசாப் போயிருங்க. கூட்டிக்கிட்டு வந்திருக்கிறது எங்க வீட்டு ஆளு."