ஐம்பத்திரண்டு கிலோ மணல்

ஜப்பான்காரர்கள் பிடித்துவைத்திருந்த அந்தத் துறைமுகத்தில் காத்தமுத்துவுக்கு மணல் மூட்டை கட்டும் வேலை. கரைக்காவலுக்காக இரண்டே பேர் உட்காரும் குட்டி நீர்மூழ்கிகளை அங்கே கட்டினார்கள். புதிய படகை முதல் தடவை கடலுக்குள் இறக்கிப் பார்க்கும்போது ஆள் ஏற்றமாட்டார்கள். அதை ஓட்டப்போகும் கடற்படை வீரர்கள் இருவரையும் தராசில் ஏற்றி எடை பார்த்து, அதே எடைக்கு மணல் கட்டி இருக்கைகளில் வைப்பார்கள்.

அன்று காலை அந்த இருவரும் தலா ஐம்பத்திரண்டு கிலோ இருந்த தங்கள் மூட்டைகளைத் தட்டிச் சிரித்துவிட்டு, தாங்களே படகுக்குத் தூக்கிக்கொண்டு போவதாகச் சைகை காட்டினார்கள். காத்தமுத்து சாப்பிடப் போய்விட்டான்.

இறக்கும்போது கம்பிவடம் அறுந்தது. படகு கல் மாதிரி உள்ளே போயிற்று.

“நல்லவேளை, மணலோட போச்சு” என்றான் கிரேன் ஓட்டும் பிச்சையா. “அதே ரெண்டு பேருக்கும் வேற படகாம். கூட்டிட்டு வந்து மறுபடி எடை போடச் சொல்றாரு பெரியவரு.”

காத்தமுத்து அவர்களைத் தேடி மணல் கட்டும் கொட்டகைக்குள் நுழைந்தான். யாரும் இல்லை. காலையில் கட்டிய இரண்டு மூட்டைகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கடற்படைத் தொப்பி.

“என்னப்பா, இருக்காங்களா?” வெளியிலிருந்து பிச்சையா கத்தினான்.