பின்னால் போ

புதிதாக வரப்போகும் போனின் திரை ஏழு இன்ச்சாம் என்று கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு வந்தது. "சட்டைப் பையில நிக்காதும்மா" என்றார் சூப்பர்வைசர். "முறத்தைக் காதுல வச்சிக்கிட்டுப் பேசுற மாதிரியில்ல இருக்கும்!" என்று சிரித்தாள் பொன்னுத்தாய். பிறவியிலேயே காது கேளாத ஜெசிந்தா அவர்களுடைய உதடுகளைப் படித்தபடி, இந்த வதந்தி பொய்யாகிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள்.

மஸ்கட்டில் இருக்கும் அவள் கணவன் மரியசூசைக்கும் காது கேட்காது. வீடியோவில் கைகளால்தான் பேச்சு. சின்னத் திரையில் விரல் தெரிய வேண்டுமென்றால் போனை ஒட்டி உட்கார வேண்டும். ஒட்டி உட்கார்ந்தால் கை படத்துக்கு வெளியே போய்விடும். இரண்டு வருடமாக எல்லாச் சொற்களையும் தாடைக்குக் கீழே சுருக்கி வைத்திருந்தார்கள். மகளின் பெயரையும்தான். இரண்டு கைகளையும் சிறகாய் விரித்து வீட்டில் ஜெசிந்தா கூப்பிடும் பெயரை, அவன் இரண்டு விரல்களைப் படபடத்துச் சொல்லிவந்தான்.

போன் நிஜமாகவே பெரிதாக வந்தது. அவன் வாங்கி அனுப்பியதைத் தண்ணீர்க் குடத்தின் மேல் சாய்த்து வைத்து, அவனை வீடியோவில் கூப்பிட்டாள். பழக்கதோஷத்தில் அவன் முகத்தைத் திரையோடு ஒட்டிக்கொண்டு வந்து நின்றான். பின்னால் போ, இன்னும் போ என்று கையாட்டினாள். முதுகு சுவரில் இடிக்கும்வரை போனான். அப்போதும் விரல்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. இதைப் பெரிதாக்கின புண்ணியவான் எவனோ, பிள்ளைகுட்டிகளோடு நன்றாயிருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மரியசூசை இரண்டு கைகளையும் முழுதாக விரித்தான். தரையில் பவுடர் டப்பாவை உருட்டிக்கொண்டிருந்த குழந்தை, தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட அந்த ஆளிடம் போவதற்கு எழுந்து நடந்தது.